மெதடிஸ்ட் மாநாடுகளின் கதை – 17: ஆறாவது வட்டாரம்

சென்ற வாரம் 1844-இல், நியூயார்க்கில் கூடிய பொது மாநாட்டில் நிறுத்தியிருந்தோம். பேராயர் ஜேம்ஸ் ஆண்ட்ரூ அடிமைகளை உடையவர். அவர் பேராயராகத் தொடரலாமா என்ற கேள்வியில் அமெரிக்க மெதடிஸ்ட் சபை உடைந்தது. மறு ஆண்டே லூயிவில் நகரில் கூடித் தெற்கத்தியர் தனிச் சபை அமைத்துக்கொண்டனர். உடைந்தது மறுபடி சேர 95 ஆண்டுகள் பிடித்தன. சேர்த்துவைத்தவர்கள் அதற்கு ஒரு விலை வைத்தார்கள். விலையைப் பேசியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கொடுத்தவர்கள் கறுப்பின மெதடிஸ்ட்கள்.

இந்தக் கதைக்குள் போவதற்குமுன் மெதடிஸ்ட் ஆட்சிமுறையை இன்னொரு முறை நினைவுபடுத்திக்கொள்வோம். அடியில் ஊர்ச் சபை. அதற்கு மேல் ஆண்டு மாநாடு. போதகர்கள் அதன் உறுப்பினர்கள், பேராயர் அங்கே வந்து தலைமை தாங்கி ஒவ்வொரு போதகருக்கும் ஊர் ஒதுக்குவார். எல்லாவற்றுக்கும் மேலே, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடும் பொது மாநாடு. 1939 வரை பேராயர்களைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பொது மாநாடுதான். தேர்ந்தெடுக்கப்பட்டவர் முழுச் சபைக்கும் பேராயர். எங்கே வேண்டுமானாலும் அனுப்பப்படலாம்.

தெற்கத்தியர் அஞ்சியது இந்தக் கடைசி விதியைத்தான். தெற்குச் சபையில் மிஞ்சியிருந்த கறுப்பின உறுப்பினர்கள் 1870-இல் தனிச் சபையாகப் பிரிந்துபோய்விட்டதால், அது ஏறக்குறைய முழுக்க வெள்ளையர் சபையாக இருந்தது. வடக்குச் சபையின் நிலைமை வேறு. உள்நாட்டுப் போர் முடிவதற்குள், 1864-லேயே, டெலவேர், வாஷிங்டன் என்று இரண்டு கறுப்பின மாநாடுகளை அது தொடங்கியிருந்தது. போருக்குப் பின் தென் மாநிலங்களிலும் அப்படிப் பல தோன்றின. 1930-களில் வடக்குச் சபையில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின உறுப்பினர்கள் இருந்தார்கள். 1920-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ராபர்ட் ஜோன்ஸ், மாத்யூ கிளேர் என்ற இரண்டு கறுப்பினப் பேராயர்களும் இருந்தார்கள். வடக்கும் தெற்கும் ஒன்றானால் ஒரு கறுப்பினப் பேராயர் ஜார்ஜியாவிலோ அலபாமாவிலோ வெள்ளைப் போதகர்களுக்கு ஊர் ஒதுக்கும் நாள் வரலாம். அந்த நாள் வராமலிருக்க ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது.

ஏற்பாடு இதுதான்: பேராயர் தேர்தலைப் பொது மாநாட்டிடமிருந்து எடுத்து, வட்டார மாநாடுகளிடம் கொடுப்பது. நாட்டை வடகிழக்கு, தென்கிழக்கு, வட மத்திய, தென் மத்திய, மேற்கு என ஐந்து வட்டாரங்களாகப் பிரிப்பது. போதகர்களும் சபையாரும் சம எண்ணிக்கையில் பிரதிநிதிகளாக அமரும் வட்டார மாநாடு, தன் பேராயர்களைத் தானே தேர்ந்தெடுத்து, தன் எல்லைக்குள்ளேயே அமர்த்திக்கொள்ளும். இந்த ஐந்துக்கும் எல்லையாக மாநிலக் கோடுகள் இருந்தன. ஆறாவது வட்டாரத்துக்கு மட்டும் எல்லை, தோலின் நிறம். அதற்கு மத்திய வட்டாரம் என்று பெயர் வைத்தார்கள். நாட்டின் கிழக்கிலும் தெற்கிலும் சிதறிக் கிடந்த கறுப்பின ஆண்டு மாநாடுகள் அனைத்தும் அதில் அடங்கின. வெள்ளையர் மாநாடுகளுக்குள்ளேயே இருந்த மிகச் சில கறுப்பினச் சபைகள் மட்டும் பழைய இடத்திலேயே விடப்பட்டன.

நாட்டின் சட்டமும் வழக்கமும் இனங்களைப் பிரித்துவைத்திருந்த காலம் அது. சபை காலத்தோடு போயிற்று என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த ஒரு பிரிவினையை இந்தத் திட்டம் சபையின் அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தது. அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டன்ட் சபை, தன் அடிப்படை விதியில் ஒரு இனத்தைப் பிரித்துவைத்தது. இதைக் காலத்தின் தலையில் கட்டிவிட முடியாது.

1936-இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வடக்குச் சபையின் பொது மாநாடு இத்திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டது. ஆதரவு 470, எதிர்ப்பு 83. அங்கிருந்த கறுப்பினப் பிரதிநிதிகள் 47 பேர். அவர்களில் 36 பேர் எதிர்த்தார்கள், 11 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள். ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. இந்தத் திட்டத்தால் யாருடைய வாழ்க்கை மாறப்போகிறதோ அவர்களில் ஒருவரின் சம்மதம்கூட இல்லாமல் அது நிறைவேறியது.

எதிர்த்துப் பேசியவர்களில் டேவிட் ஜோன்ஸ் முக்கியமானவர். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருந்த பென்னட் மகளிர் கல்லூரியின் தலைவர். பேராயர் ராபர்ட் ஜோன்ஸின் தம்பி. எவ்வளவு நல்ல சொற்களில் பொதிந்தாலும் இது இனப் பிரிவினைதான் என்று மாநாட்டின் முகத்துக்கு நேராகச் சொன்னவர். எதிர்ப்புப் பயன்படவில்லை. 1939 ஏப்ரல், மே மாதங்களில் கான்சஸ் நகரில் கூடிய ஒன்றிணைப்பு மாநாட்டில் வடக்குச் சபை, தெற்குச் சபை, மெதடிஸ்ட் புராட்டஸ்டன்ட் சபை மூன்றும் ஒன்றாயின. எழுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொண்ட புதிய சபை பிறந்தது. எல்லாரும் எழுந்து ஆர்ப்பரித்துப் பாடியபோது கறுப்பினப் பிரதிநிதிகள் பலர் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள், சிலர் அழுதார்கள் என்று அந்தத் தலைமுறையினர் பின்னால் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள்.

இனி அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். வெளியேறியிருக்கலாம். ஏற்கெனவே மூன்று பெரிய கறுப்பின மெதடிஸ்ட் சபைகள் தனியாக இயங்கிவந்தன. எதிலும் போய்ச் சேர்ந்திருக்கலாம். பெரும்பாலானவர்கள் போகவில்லை. 1940 ஜூனில் செயின்ட் லூயிஸ் நகரில் மத்திய வட்டார மாநாடு முதல்முறையாகக் கூடியது. லொரென்சோ கிங், வில்லியம் ஹியூஸ் என்ற இருவரைப் பேராயர்களாகத் தேர்ந்தெடுத்தது. ஹியூஸ் பதவியேற்ற சில வாரங்களிலேயே காலமானார்.

தங்களுக்குப் பிடிக்காத வீட்டில் வைக்கப்பட்டவர்கள் அந்த வீட்டை எப்படி நடத்தினார்கள் என்பதில்தான் இந்த வட்டாரத்தின் வரலாறு இருக்கிறது. வேலை சாதாரணமானதல்ல. ஒரு பேராயரின் பொறுப்பு பல மாநிலங்களுக்குப் பரவியிருந்தது. கறுப்பினப் பயணிக்குத் தெற்கில் விடுதிகள் இடம் தராத காலத்தில் பேராயரும் மாவட்டக் கண்காணிப்பாளரும் நீண்ட தூரம் காரில் போய்ச் சபையார் வீடுகளில் தங்கி வேலை பார்த்தார்கள். சம்பளம் குறைவு, ஓய்வூதியம் அதைவிடக் குறைவு. ஒரே ஊரில் இரண்டு மெதடிஸ்ட் ஆலயங்கள், இரண்டு கண்காணிப்பாளர்கள், இரண்டு பேராயர்கள். மிசிசிப்பி மாநிலத்தில் மட்டும் வெள்ளையருக்கு இரண்டு ஆண்டு மாநாடுகளும் கறுப்பினத்தவருக்கு இரண்டு ஆண்டு மாநாடுகளும் ஒரே மண்ணின் மேல் இயங்கின.

இந்த வட்டாரத்தின் முதுகெலும்பு கல்லூரிகள்தாம். அட்லாண்டாவின் கேமன் இறையியல் கல்லூரி போதகர்களை உருவாக்கியது. பென்னட், கிளாஃப்லின், ரஸ்ட், வைலி, ஃபிலாண்டர் ஸ்மித், பெதூன்-குக்மன் போன்ற கல்லூரிகள் ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் சபைத் தலைவர்களையும் அனுப்பின. 1944-இல் வட்டார மாநாடு கூடியது கிரீன்ஸ்பரோவில், டேவிட் ஜோன்ஸின் ஊரில். அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட மூவரில் வில்லிஸ் கிங் கேமன் கல்லூரியின் தலைவராக இருந்தவர். வட்டாரத்தின் இதழான ‘சென்ட்ரல் கிறிஸ்டியன் அட்வகேட்’ இன்னொரு பள்ளி. அதன் ஆசிரியராக இருந்த பிரின்ஸ் டெய்லர் 1956-இல் பேராயரானார். அவருக்குப் பின் ஆசிரியரான ஸ்காட் ஆலனும் பிறகு பேராயரானார். மிசிசிப்பிக் கடற்கரையில் வேவ்லேண்ட் என்ற ஊரில், கறுப்பின மக்களுக்குக் கடற்கரைகள் மூடப்பட்டிருந்த காலத்திலேயே, பேராயர் ராபர்ட் ஜோன்ஸ் 1923-இல் நிறுவிய கல்ஃப்சைடு தலம் கூட்டங்களுக்கும் போதகர் பயிற்சிக்கும் கோடைக்கால முகாம்களுக்கும் புகலிடமாக இருந்தது.

ஒதுக்கிவைத்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்று இங்கே நடந்தது. பெரிய சபைக்குள் சிறுபான்மையாக இருந்தபோது கறுப்பினத்தவருக்குக் கிடைக்காத பொறுப்புகள் எல்லாம் இங்கே அவர்கள் கைக்கு வந்தன. தேர்தல் நடத்துவது, எல்லை வகுப்பது, நிதி திரட்டுவது, விதிகளுக்குப் பொருள் சொல்வது, பொது மாநாட்டில் வாதாடுவது. விதிப்புத்தகத்தை இவர்களைப்போல நுணுக்கமாகப் படித்தவர்கள் அன்றைய மெதடிஸ்ட் சபையில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தங்களைக் கட்டிப்போட்டது விதிப்புத்தகம் என்பதால், கட்டை அவிழ்க்கும் வழியையும் அதில்தான் தேட வேண்டியிருந்தது.

அவிழ்ப்பது எளிதாக இல்லை. மத்திய வட்டாரம் அரசியல் சட்டத்தில் இருந்தது. அதை நீக்கப் பொது மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். நாடு முழுவதும் ஆண்டு மாநாடுகளில் விழும் மொத்த வாக்குகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தெற்கத்திய மாநாடுகள் இருக்கும்வரை அது நடக்காது. 1956-இல் மினியாபொலிஸ் பொது மாநாடு ஒரு நடுவழியைக் காட்டியது. ஒன்பதாம் திருத்தம் என்று பெயர். ஒரு கறுப்பினச் சபையோ ஆண்டு மாநாடோ விரும்பினால், ஏற்கப்போகிறவர்களும் விரும்பினால், இரு தரப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற்று வேறு வட்டாரத்துக்கு மாறலாம். சபையின் வெள்ளைத் தலைவர்கள் பலர் இதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள்.

மத்திய வட்டாரத்தில் இருந்தவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் ஆபத்து உடனே தெரிந்தது. வடக்கில் இருக்கும் சபைகள் ஒவ்வொன்றாக நழுவிப்போகும். தெற்கில் யாரும் ஏற்கமாட்டார்கள். இறுதியில் மிசிசிப்பியும் அலபாமாவும் தென் கரோலினாவும் மட்டும் மிஞ்சிய, ஆளும் பணமும் இழந்த ஒரு வட்டாரம் கைவிடப்பட்டு நிற்கும். பிரிவினை ஒழிந்துவிட்டது என்று சபை அறிவித்துக்கொள்ளும். பிரிக்கப்பட்டவர்களில் மிகவும் நலிந்தவர்கள் அதே இடத்தில் இருப்பார்கள்.

1960-இல் கிளீவ்லாந்தில் கூடிய வட்டார மாநாடு சார்லஸ் கோல்டன், நோவா மூர், லஃபாயெட் ஹாரிஸ் ஆகியோரைப் பேராயர்களாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அந்தக் கூட்டத்தின் மிக முக்கியமான தீர்மானம் ஐவர் குழுவை நியமித்ததுதான். தலைவர் ஜேம்ஸ் தாமஸ், தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க் ஊரில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகனாகப் பிறந்தவர். உடன் ஜான் கிரஹாம், ஜான் ஹிக்ஸ், ரிச்சர்ட் எர்வின், அரசியல் அறிவியல் பேராசிரியர் ஆஸ்டர் கெர்க். இந்த ஐவரின் பெயர்கள் தெரியாமல் மெதடிஸ்ட் வரலாறு படித்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம்.

1962 மார்ச்சில் அவர்கள் சின்சினாட்டியில் வட்டாரம் முழுவதையும் அழைத்து ஓர் ஆய்வு மாநாடு நடத்தினார்கள். அங்கே தெளிவான நிலைப்பாடு ஒன்று உருவானது. மத்திய வட்டாரம் ஒழிய வேண்டும். ஆனால் அதைத் துண்டு துண்டாகக் கரைத்துப் பெயரை மட்டும் அழிப்பது போதாது. பெரிய சபை எல்லா மட்டத்திலும் இனப் பிரிவினையைக் கைவிட உறுதி கொடுக்க வேண்டும். இணைப்பு நடக்கும்போது கறுப்பினப் போதகர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் பேராயர்களுக்கும் உரிய இடம் இருக்க வேண்டும். நடைமுறையில் ஒரு வழியும் சொன்னார்கள். பல கறுப்பின ஆண்டு மாநாடுகளின் எல்லைகள் இரண்டு மூன்று நில வட்டாரங்களைத் தாண்டிக் கிடந்தன. முதலில் அந்த எல்லைகளைத் திருத்தி, ஒவ்வொரு மாநாடும் ஒரே நில வட்டாரத்துக்குள் அடங்கும்படி செய்ய வேண்டும். பிறகு முழு மாநாடாக நகர வேண்டும். எல்லை வகுக்கும் அதிகாரம் வட்டார மாநாட்டுக்கு உண்டு என்பதால் இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தங்களுக்கு இருந்த அதிகாரத்தைக் கடைசித் துளிவரை பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள்.

வெளியே நாடு கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1963 ஜனவரியில் மிசிசிப்பியின் வெள்ளைப் போதகர்கள் 28 பேர் பிரிவினைக்கு எதிராக ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த மாநிலத்தில் நிலைக்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூனில் ஜாக்சன் நகரின் காலவே மெதடிஸ்ட் ஆலயத்தில் கறுப்பினத்தவர் ஐவர் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதை அறிந்த மூத்த போதகர் செலா, ஆராதனை நடுவிலேயே தாம் விலகுவதாக அறிவித்தார்.

அடுத்த ஆண்டு உயிர்த்தெழுதல் ஞாயிறு, 1964 மார்ச் 29. அதே ஆலயத்தின் படிகளில் இரண்டு மெதடிஸ்ட் பேராயர்கள் ஏறினார்கள். ஒருவர் மத்திய வட்டாரத்தின் சார்லஸ் கோல்டன். மிசிசிப்பியின் கறுப்பினச் சபைகள் அவருடைய பொறுப்பில் இருந்தன. மற்றவர் வெள்ளையரான பாஸ்டன் பேராயர் ஜேம்ஸ் மாத்யூஸ். இந்தியாவில் மிஷனரியாகப் பணியாற்றியவர், ஸ்டான்லி ஜோன்ஸின் மருமகன். 1956-இல் தெற்காசிய மாநாடு அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தபோது, அந்த இடம் ஓர் இந்தியருக்கே உரியது என்று சொல்லி மறுத்தவர். இருவரையும் உள்ளே விடவில்லை. மெதடிஸ்ட் ஆலயம் ஒன்றில், மெதடிஸ்ட் பேராயர்களுக்கு, உயிர்த்தெழுதல் ஞாயிறன்று இடமில்லை என்று வாசல் காப்போர் சொன்னார்கள். மத்திய வட்டாரம் என்ற விதி நடைமுறையில் என்ன பொருள் தந்தது என்பதை அன்று நாடே பார்த்தது.

அந்தக் கோடையில் ஃபுளோரிடாவின் டேட்டோனா பீச்சில், மேரி மெக்லியாட் பெதூன் நிறுவிய கல்லூரியில் வட்டார மாநாடு கூடியது. எல்லைத் திருத்தம் நிறைவேறியது. ஜேம்ஸ் தாமஸ் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வடக்கின் கறுப்பின மாநாடுகள் நில வட்டாரங்களோடு இணையத் தொடங்கின. 1864-இல் பிறந்த டெலவேர், வாஷிங்டன் மாநாடுகள் நூறாண்டு வாழ்ந்து அப்போதுதான் முடிந்தன. இணைந்த மாநாடுகளோடு பேராயர்களும் போக வேண்டும் என்ற நிபந்தனையும் பலித்தது. பிரின்ஸ் டெய்லர் நியூ ஜெர்சிக்கும் ஜேம்ஸ் தாமஸ் அயோவாவுக்கும் போனார்கள். சோள வயல்கள் நிறைந்த, ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர் வாழும் அயோவாவில் ஒரு கறுப்பினப் பேராயர் போதகர்களுக்கு ஊர் ஒதுக்கினார். 1939-இல் எதைத் தடுப்பதற்காக ஆறாவது வட்டாரம் கட்டப்பட்டதோ, அது நடந்தேவிட்டது.

அரசியல் சட்டச் சிக்கலைத் தீர்த்தது வேறொரு சபை ஒன்றிணைப்பு. இவாஞ்சலிக்கல் யுனைடெட் பிரதரன் சபையோடு சேர்வதற்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. சேர்ந்தால் புதிய அரசியல் சட்டம் எழுத வேண்டும். பழையதைத் திருத்தப் போராடுவதைவிட, புதியதில் ஆறாவது வட்டாரத்தை எழுதாமல் விட்டுவிடுவது எளிது. 1968 ஏப்ரல் 23-இல் டல்லாஸ் நகரில் யுனைடெட் மெதடிஸ்ட் சபை பிறந்தபோது அதன் அரசியல் சட்டத்தில் ஐந்து வட்டாரங்களே இருந்தன. அதற்கு எட்டு மாதம் முன்பு, 1967 ஆகஸ்டில், மத்திய வட்டார மாநாடு நாஷ்வில் நகரில் கடைசியாகக் கூடியது. ஹாரிஸ் காலமாகி ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தை வீணாக்காமல் ஸ்காட் ஆலனைத் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் கலைந்தது. 27 ஆண்டுகளில் அந்த மாநாடு தேர்ந்தெடுத்த 14-வது பேராயர் அவர். மறு ஆண்டு ஆலன் கிழக்கு டென்னசியை மையமாகக் கொண்ட ஹோல்ஸ்டன் மாநாட்டுக்கும், கோல்டன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும், மூர் நெப்ராஸ்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

வட்டாரம் போனாலும் தெற்கில் இன அடிப்படையிலான ஆண்டு மாநாடுகள் உடனே போகவில்லை. ஓய்வூதியம், குறைந்தபட்சச் சம்பளம், கண்காணிப்பாளர் பதவிகள் என்று ஒவ்வொன்றையும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தென் கரோலினாவில் 1972-இலும் மிசிசிப்பியில் 1973-இலும்தான் இணைப்பு முடிந்தது. இணைப்பால் கறுப்பினச் சபைகள் கரைந்துபோய்விடும் என்ற அச்சத்தோடு, டல்லாஸுக்கு இரண்டு மாதம் முன்பே கறுப்பின மெதடிஸ்ட்கள் சின்சினாட்டியில் கூடிச் சபைப் புதுப்பித்தலுக்கான தங்கள் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த அச்சம் வீணானதல்ல. தனி வட்டாரம் இருந்தபோது நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கறுப்பினப் பேராயர் தேர்வு உறுதியாக நடந்தது. அதன்பின் வெள்ளைப் பெரும்பான்மையின் வாக்குக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. வடகிழக்கு வட்டாரம் 1968-லேயே ராய் நிக்கல்ஸைத் தேர்ந்தெடுத்தது. தென் மத்திய வட்டாரம் 1972-இல் எர்னஸ்ட் டிக்சனையும், வட மத்திய வட்டாரம் 1976-இல் எட்செல் அம்மன்ஸையும் தேர்ந்தெடுத்தன. கறுப்பின மெதடிஸ்ட்கள் மிகுந்து வாழும் தென்கிழக்கு வட்டாரம் எர்னஸ்ட் நியூமனைத் தேர்ந்தெடுக்க 1984 ஆயிற்று. அதே ஆண்டு, அந்தத் தென்கிழக்கு வட்டாரத்துக்கு உட்பட்ட வர்ஜீனியாவின் போதகரான லியோன்டின் கெல்லி, அமெரிக்காவின் மறுகோடியில் மேற்கு வட்டார மாநாட்டின் வாக்குகளால் பேராயரானார். கறுப்பினப் பெண் ஒருவர் மெதடிஸ்ட் பேராயரானது அதுவே முதல்முறை. அவரைப் பற்றியும், பெண் போதகர்களுக்காக ஆண்டு மாநாடுகளில் நடந்த நீண்ட வாதத்தைப் பற்றியும் அடுத்த வாரம்.

(தொடரும்)